மாதேஸ்வரனுக்குப் பதிலாக

மாதேஸ்வரன்: சாமந்தி எடுத்தா தலையில பஞ்சு ஒட்டுமா?

சசிகலா: என்னா?

மாதேஸ்வரன்: காதுல வுழுந்துச்சுல்ல. ஞாயித்துக்கெழமயானா பூ எடுக்கப் போறேன்னு போற. பொழுது சாய வர்றப்போ கொண்டையில பஞ்சு. சாமந்தி எப்பத்திலிருந்து வெடிக்க ஆரம்பிச்சுது?

சசிகலா: காத்துல வந்து ஒட்டியிருக்கும்...

மாதேஸ்வரன்: எந்தக் காத்து? இந்தப் பக்கம் எவன் பருத்தி போட்டிருக்கான்?

சசிகலா: போதையில பாத்தா எல்லாம் பஞ்சாத்தான் தெரியும்.

மாதேஸ்வரன்: இப்ப நான் போதையிலயா இருக்கேன்? வாய ஊதிக் காட்டட்டுமா?

சசிகலா: வேணாங்க மாமா. அதான் எனக்கே பயமா இருக்குது. பிராந்திக் கடை தொறந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் வூட்லயே குந்தியிருக்கீங்க.

மாதேஸ்வரன்: கெளம்பு.

சசிகலா: எங்க?

மாதேஸ்வரன்: பஞ்சு ஒட்டுற எடத்துக்கு. இன்னைக்கு நானும் வரேன்.

சசிகலா: இன்னைக்கு நான் எங்கயும் போகல.

மாதேஸ்வரன்: அது எப்படி? மூணு மாசமா ஒரு ஞாயிறு தவறல. கட்டுன புருசன் வரேன்னதும் போகலையா? யாருடி அவன்?

சசிகலா: எவன்?

மாதேஸ்வரன்: பஞ்சுக்காரன்.

சசிகலா: சிரிப்பு வருது மாமா.

மாதேஸ்வரன்: சிரி. ஊரு சிரிக்கறதுக்கு முந்தி நீ சிரிச்சு முடிச்சுக்க.

சசிகலா: ஊரு உங்களப் பாத்து சிரிச்சு சிரிச்சு, வாயி வலிச்சு வுட்டுருச்சு.

மாதேஸ்வரன்: பேச்ச மாத்தாத. என் கூட்டாளி வெங்கடாசலம் பாத்திருக்கான். தருமபுரியில ஏதோ சந்துல, மெத்தக் கடைக்குள்ள நீ நொழஞ்சியாம். ஷட்டர பாதி எறக்கிட்டாங்களாம். உள்ள எல்லாம் ஆம்பளைங்களாம்.

சசிகலா: ஆமா. ஆம்பளைங்கதான். பத்துப் பன்னெண்டு பேரு.

மாதேஸ்வரன்: என்னடி இது... இவ்வளவு சாதாரணமா சொல்ற?

சசிகலா: காசிம் பாய் கடை. மெத்த, தலகாணி தெச்சு விக்கிறாரு. ஞாயித்துக்கெழம வேபாரம் கெடையாது. மதியானத்துக்கு மேல அங்க கூடுவாங்க.

மாதேஸ்வரன்: யாரு கூடுவாங்க?

சசிகலா: குடிகாரங்க.

மாதேஸ்வரன்: குடிகாரங்களா?

சசிகலா: குடிச்சவங்க. வுட்டவங்க. வுடணும்னு நெனச்சு முடியாதவங்க. பஞ்சு மூட்ட மேல குந்திக்கினு ஒருத்தரு மாத்தி ஒருத்தரு பேசுவாங்க. டீ குடிப்பாங்க. வூட்டுக்குப் போயிருவாங்க. அவ்வளவுதான்.

மாதேஸ்வரன்: நீ எப்பத்திலிருந்து குடிக்கிற?

சசிகலா: ஐயே!

மாதேஸ்வரன்: அப்புறம் உனக்கு அங்க என்னா வேல?

சசிகலா: உங்களுக்குப் பதிலாத்தான் போனேன்.

மாதேஸ்வரன்: பதிலான்னா?

சசிகலா: பதிலான்னா பதிலுதான். ரேஷன் கடையில உங்க கார்டுக்கு யாரு வெரல் வெக்கிறது?

மாதேஸ்வரன்: நீ.

சசிகலா: நம்ம புள்ள பாரதியோட ஸ்கூல்ல அப்பாவ வரச் சொன்னா யாரு போறது?

மாதேஸ்வரன்: நீதான். அதுக்கு...

சசிகலா: உங்களுக்கு வவுத்து வலின்னு உருண்டப்போ முனியப்பனுக்கு நேந்துக்கிட்டு யாரு மொட்ட போட்டது? நீங்களா? நான் மொட்டத் தலையோட ஒரு வருசம் முக்காடு போட்டுக்கினு திரிஞ்சேன். வலி நின்னுச்சா இல்லையா?

மாதேஸ்வரன்: நின்னுச்சு.

சசிகலா: அப்புறம் என்னா? வேண்டுதலு புருசனுக்குப் பதிலா பொண்டாட்டி செஞ்சா செல்லும். இது மட்டும் செல்லாதா?

மாதேஸ்வரன்: அடியே... வேண்டுதலும் இதும் ஒன்னா? என் தொண்டையில எறங்கறது நீ போயி எவன் கடையிலயோ குந்துனா எப்படி நிக்கும்?

சசிகலா: காசிம் பாயும் அதேதான் சொன்னாரு. "இது நேத்திக்கடன் இல்லம்மா. குடிக்கிறவரேதான் வரணும்"னாரு. அவரு வர மாட்டாருங்க பாய், பஸ்ஸு ஏறி வந்துட்டேன், ஒரு ஓரமா குந்திட்டுப் போறேன்னேன்.

மாதேஸ்வரன்: அந்த எடம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

சசிகலா: மொதல்ல ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். வண்டி அனுப்பி, ஆளு அனுப்பி, கையக் கால கட்டித் தூக்கிக்கினு வருவோம்னாங்க. எனக்கு மனசு வரல. அந்த கேட்டுல இருந்த வாச்மேன்தான் காதோரமா சொன்னாரு, டவுன்ல குடிய வுட்டவங்க ஞாயித்துக்கெழம கூடறாங்க, கேட்டுப் பாருன்னு. எங்கன்னு அவருக்கும் தெரியல.

மாதேஸ்வரன்: அப்புறம்?

சசிகலா: பஸ் ஸ்டாண்டுல எறங்கி, "ஏங்க, இங்க குடிகாரங்க எங்க கூடுவாங்க?"ன்னு கேட்டேன்.

மாதேஸ்வரன்: கடையக் காட்டியிருப்பானுங்களே!

சசிகலா: கடையத்தான் காட்டுனாங்க. ஒருத்தரு இல்ல, கேட்ட அத்தன பேரும். ஒரு ஆளு, "தனியா போகாதம்மா, நானும் அங்கதான் போறேன்"னு கூடவே வந்துட்டான்.

மாதேஸ்வரன்: ஹ... ஹஹ... இரு... இருமலு வருது.

சசிகலா: தண்ணி குடிங்க. ...என்னா மாமா, இப்படி இருமறீங்க?

மாதேஸ்வரன்: ஒன்னுமில்ல. சொல்லு. உள்ள வுட்டாங்களா?

சசிகலா: வுட்டாங்க. லாரி ஓட்டற அருள்குமாருன்னு ஒருத்தரு, "இருக்கட்டும் பாய், அக்கா இருந்தா நம்ம வாயில கெட்ட வார்த்த கொறையும்"னாரு. பாய் சம்சாரம் ஹசீனாக்கா எனக்குத் துணையா வாசலோரம் மிசின் போட்டுக்கினு தலகாணி உறை தெச்சாங்க. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு பேரு சொல்லி, நான் ஒரு குடிநோயாளின்னு சொல்லிட்டுத்தான் பேசணும். என் பக்கம் வந்துச்சு. எல்லாரும் என்னயவே பாக்கறாங்க. எந்திரிச்சேன்.

மாதேஸ்வரன்: என்னான்னு சொன்ன?

சசிகலா: "என் பேரு மாதேஸ்வரன். பாப்பாரப்பட்டிப் பக்கம். நான் ஒரு குடிநோயாளி."

மாதேஸ்வரன்: அடிப்பாவி! ஊரு பேரயுமா சொன்ன?

சசிகலா: வேண்டுதலுக்கு ஊரு, பேரு, ராசி எல்லாம் சொல்லுவமில்ல. ராசி கேக்கல.

மாதேஸ்வரன்: சிரிச்சிருப்பானுங்க.

சசிகலா: அன்னைக்கு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கல.

மாதேஸ்வரன்: ...நான் என்னா சொன்னேன்?

சசிகலா: எப்ப?

மாதேஸ்வரன்: அங்கதான். வாரா வாரம் எந்திரிச்சு நின்னேன்ல. என்னென்னா சொன்னேன்?

சசிகலா: மொதல்ல லேசாத்தான் ஆரம்பிச்சீங்க. ஸ்கூல்ல கூப்பிட்டு அனுப்புனதுக்குப் போயி ஹெட்மாஸ்டரு சேருலயே தூங்கிட்டேன்னு...

மாதேஸ்வரன்: அது ஒரே ஒரு தடவ.

சசிகலா: அதுக்கு மேல ஸ்கூல்ல கூப்பிடவே இல்லையே. அப்புறம், கொரோனாவுல கடைய மூடுனப்போ கைக்குப் போடற சானிடைசர தண்ணி கலந்து குடிச்சுட்டு, கண்ணு தெரியாம கோழிக்கூண்டுக்குள்ள போயி படுத்துக்கிட்டேன்னு...

மாதேஸ்வரன்: இதெல்லாம் வெளிய சொல்ற விசயமா?

சசிகலா: முனியப்பன் கோயில்ல கயிறு கட்டிக்கிட்டு ஆறு மாசம் தொடாம இருந்தேன், கயிற அவுத்த அன்னைக்கே ஆறு மாசத்துக்கும் சேத்துக் குடிச்சேன்னு...

மாதேஸ்வரன்: அதுக்காச்சும் சிரிச்சிருப்பானுங்களே.

சசிகலா: இல்ல. நாலஞ்சு பேரு தலைய ஆட்டுனாங்க. அவங்க கதையும் அதேதானாம். காசிம் பாய் தர்காவுல தாயத்து கட்டி அவுத்தவராம்.

மாதேஸ்வரன்: பாயுமா?

சசிகலா: நோன்புலயே குடிச்சவராம். அவரே சொன்னாரு. சொல்லிட்டு, "ஒளிக்காம பேசணும்னா மாதேஸ்வரன் மாதிரி பேசணும்"னாரு. அங்க உங்களுக்கு நல்ல பேரு மாமா.

மாதேஸ்வரன்: சொந்த ஊர்ல இல்லாத பேரு... அப்புறம்? வேற என்னா சொன்னேன்?

சசிகலா: போதும் வுடுங்க.

மாதேஸ்வரன்: சொல்லு.

சசிகலா: ...உங்க ஆத்தா செத்தத.

மாதேஸ்வரன்: அதையுமா?

சசிகலா: "மூத்தவன் நான். நான் வந்தாத்தான் பொணத்த எடுக்க முடியும். மால வாங்கியாரேன்னு போனேன். பொழுது எறங்கற வரைக்கும் பாத்தாங்க. தம்பி கொள்ளி வெச்சுட்டான். மறுநா காலையில மாலையோட வந்தேன். வூட்ல பொணம் இல்ல. சுடுகாட்டுக்குப் போயி சாம்பல் மேல போட்டேன்"னு.

மாதேஸ்வரன்: அத எதுக்குடி சொன்ன?

சசிகலா: நான் எங்க சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க. சொல்லிட்டு அழுதீங்க.

மாதேஸ்வரன்: நான் அழுதேனா?

சசிகலா: தேம்பித் தேம்பி. அருள்குமாரு ஒரு தலகாணியக் கொண்டாந்து மடியில வெச்சாரு. புடிச்சுக்குங்கன்னு.

மாதேஸ்வரன்: ஆத்தாளுக்கு நான் அழுது நீ பாத்திருக்கியா?

சசிகலா: இல்ல. யாராச்சும் அழுவணும்ல. கோவமா?

மாதேஸ்வரன்: நீ சொன்னதுல பாதி இல்ல சசி.

சசிகலா: என்னா இல்ல?

மாதேஸ்வரன்: அன்னைக்கு நான் மால வாங்குறப்போ குடிச்சிருக்கல. கடைக்கு உள்ள போறப்பவும் கையில மால இருந்துச்சு. ஒரே ஒரு டம்ளரு, கை நடுக்கத்துக்குன்னு குந்துனேன். மாலைய மேச மேல வெச்சேன். எதுத்தாப்ல இருந்தவன், "யாருக்கு மால?"ன்னு கேட்டான்.

சசிகலா: என்னா சொன்னீங்க?

மாதேஸ்வரன்: கண்ணாலத்துக்குன்னேன். அவன் சந்தோசமா ஒன்னு வாங்கி ஊத்துனான்.

சசிகலா: ...மாமா.

மாதேஸ்வரன்: அத யாருகிட்டயும் சொன்னதில்ல. உனக்குத் தெரியாததால நீ சொல்லல. அத நான்தான் போயி சொல்லணும். என் வாயால. கெளம்பு.

சசிகலா: இன்னைக்கு வேணாம்.

மாதேஸ்வரன்: ஏன்?

சசிகலா: வெயிலு.

மாதேஸ்வரன்: சித்திர வெயில்லயே போனவ நீ.

சசிகலா: பாய் ஊர்ல இல்ல. கடை பூட்டியிருக்கும்.

மாதேஸ்வரன்: போயி பூட்டப் பாத்துட்டு வருவோம். செருப்ப மாட்டு.

சசிகலா: சேலத்துலயும் ஒரு கூட்டம் நடக்குதாம். பெருசாம். அங்க வேணா...

மாதேஸ்வரன்: கிட்டத்துல இருக்கறத வுட்டுட்டு சேலத்துக்கா? டவுன்ல ஒரு கூட்டம் இருக்குது போலாமான்னு முன்ன ஒருக்கா நீதான கேட்ட? சோத்துத் தட்டத் தூக்கி வீசுனேன். இப்ப நானே வரேங்கறேன், உனக்கு என்னா வந்துச்சு?

சசிகலா: நீங்க இன்னைக்கு எதுக்கு குடிக்கல? அதச் சொல்லுங்க மொதல்ல.

மாதேஸ்வரன்: புடிக்கல.

சசிகலா: புடிக்காமப் போச்சா? உங்களுக்கா?

மாதேஸ்வரன்: ஆமா. புளிச்சுப் போச்சு. நட, பேசிக்கினே போலாம். ரோட்டுக்குப் போனா தருமபுரி பஸ்ஸு வரும்.

சசிகலா: மெதுவா நடங்க... என்னா இப்படி மூச்சு வாங்குது?

மாதேஸ்வரன்: வயசாவுதுல்ல.

சசிகலா: நாப்பத்தி அஞ்செல்லாம் ஒரு வயசா?

வெங்கடாசலம்: ஏ மாதேசு! என்னாடா இது, புருசனும் பொண்டாட்டியும் சோடி போட்டுக்கினு பஸ்ஸுக்கு நிக்கறீங்க? சினிமாவுக்கா?

மாதேஸ்வரன்: மெத்த வாங்க.

வெங்கடாசலம்: இந்த வயசுலயா! ஹஹ... அட, அப்புறமா வாங்கிக்கலாம், வண்டியில ஏறு. கடை தொறந்தாச்சு. தங்கச்சி, கோச்சுக்காத, போன கையோட கொண்டாந்து வுட்டுடறேன்.

சசிகலா: கூட்டிக்கினு போங்கண்ணா.

மாதேஸ்வரன்: என்னாடி சொன்ன?

சசிகலா: அண்ணன் கூப்பிடறாருல்ல. போயிட்டு வாங்க.

வெங்கடாசலம்: பாத்தியா, மேலிடத்து உத்தரவே வந்துருச்சு! ...தங்கச்சி, நீ நெசமாத்தான் சொல்றியா?

மாதேஸ்வரன்: நீ போ வெங்கடாசலம். நான் வரல.

வெங்கடாசலம்: என்னாடா, ஓசியிலடா.

மாதேஸ்வரன்: வரலன்னா வுடேன்டா.

வெங்கடாசலம்: சரி சரி, கத்தாத. கண்ணு என்னாடா இப்படி மஞ்சளா கெடக்குது? எளநீ குடி. நான் வரேன் தங்கச்சி.

மாதேஸ்வரன்: சசி.

சசிகலா: ம்.

மாதேஸ்வரன்: கட்டிக்கிட்டு வந்த நாள்லயிருந்து என்ன கடைக்குப் போகாதன்னு கால்ல வுழுந்திருக்க. வண்டிச் சாவியக் கெணத்துல போட்டிருக்க. இன்னைக்கு நீயே தள்ளி வுடற. அந்த மெத்தக் கடையில என்னா பண்ணி வெச்சிருக்க?

சசிகலா: ஒன்னும் இல்ல.

மாதேஸ்வரன்: எவனாச்சும் உன்ன...

சசிகலா: ச்சீ! அந்த மனுசங்களப் பத்தி அப்படிப் பேசாதீங்க. உங்க நாக்கு அழுவிரும்.

மாதேஸ்வரன்: அப்ப சொல்லு.

சசிகலா: ...எட்டு நாளைக்கு முந்தி ராத்திரி ஏரிக்கரையில குப்புறக் கெடந்தீங்களே, ஞாபகம் இருக்குதா?

மாதேஸ்வரன்: இல்ல.

சசிகலா: எப்படி இருக்கும்? அன்னைக்கு சனிக்கெழம. சேதி வந்து ஓடியாந்தேன். மூஞ்சி சேத்துல கெடந்துச்சு. தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. செத்துட்டீங்கன்னு நெனச்சேன்.

மாதேஸ்வரன்: அழுதியா?

சசிகலா: இல்ல. பக்கத்துல குந்துனேன். கேக்கறீங்க, சொல்றேன். மனசு லேசா இருந்துச்சு மாமா. உங்க தம்பிக்கு யாரு சொல்றது, பாரதிய ஹாஸ்டல்லயிருந்து யாரு கூட்டியாறதுன்னு ஒன்னொன்னா நெனச்சேன். எல்லாம் சுலுவா இருந்துச்சு. காலையில எந்திரிச்சா உங்களத் தேட வேணாம்னு நெனச்சேன். அது ரொம்ப சுலுவா இருந்துச்சு.

மாதேஸ்வரன்: அப்புறம்?

சசிகலா: கொறட்ட வுட்டீங்க.

மாதேஸ்வரன்: ...தப்புதான்.

சசிகலா: மறுநா ஞாயிறு. எப்பவும் போல போனேன். என் மொற வந்துச்சு. என் பேரு மாதேஸ்வரன்னு வாயத் தொறந்தேன். அதுக்கு மேல வரல. என்னா சொல்றது? இந்த வாரமும் குடிச்சேன், அடுத்த வாரமும் குடிப்பேன்னா? எத்தன தடவ அதையே சொல்றது? அந்த எடத்துல ஒருத்தரு ஒரு நாள் குடிக்காம இருந்தேங்கறாரு, இன்னொருத்தரு ஒரு மாசங்கறாரு. எனக்கு சொல்லிக்க ஒன்னும் இல்ல. பேசாம நின்னேன். காசிம் பாய் கேட்டாரு, "மாதேஸ்வரனுக்கு என்னாம்மா ஆச்சு?"

மாதேஸ்வரன்: நீ என்னா சொன்ன?

சசிகலா: பஸ்ஸு வருது.

மாதேஸ்வரன்: வரட்டும். என்னா சொன்ன?

சசிகலா: செத்துட்டாருன்னு சொல்லிட்டேன்.

மாதேஸ்வரன்: நானா?

சசிகலா: யோசிச்சு சொல்லல மாமா. வாயில வந்துருச்சு. எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. பாய் கண்ண மூடிக்கிட்டு துவா செஞ்சாரு. அருள்குமாரு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஹசீனாக்கா மிசின நிறுத்திட்டு வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. உங்க மூஞ்சிய அங்க ஒருத்தரும் பாத்ததில்ல. உங்களுக்காக அழுதாங்க. அதுக்கு மேல பொய்யின்னு நான் எப்படி சொல்லுவேன்? இப்ப உங்களக் கூட்டிக்கினு போயி அவங்க முன்னாடி நிறுத்தி, யாருன்னு சொல்லுவேன்?

மாதேஸ்வரன்: ஏறு சசி, பஸ்ஸு நிக்குது. நீ பெருசா ஒன்னும் பொய் சொல்லிடல. புதன்கெழம பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஈரலு முழுசா போச்சு, இனிமே மருந்து கேக்காதுன்னு டாக்டரும் அதையேதான் சொன்னாரு. நாளத்தான் நீ கொஞ்சம் முந்திப் போட்டுட்ட.